கை போனவருக்கு வேலை இல்லையா?

பூலாம்பாடிப் பக்கத்தில் மக்காச்சோளம் அறுவடையாகிக் களத்துக்கு வந்துவிட்டால், கதிரடிக்கும் யந்திரம் ராப்பகலாக ஓடும். அதன் வாயில் கதிரை அள்ளிக் கொட்டுகிறவர்கள் யார்? கூலிக்காரர்கள். யந்திரம் ஓடுகிற வேகத்துக்கு அவர்கள் கையும் ஓட வேண்டும். வாடகை மணிக் கணக்கில் ஏறுகிறது. ஆகவே யந்திரக்காரர் அவசரப்படுத்துகிறார், நிலத்துக்காரரும் அவசரப்படுத்துகிறார். கதிர் சிக்கிக்கொண்டால் யந்திரத்தை நிறுத்தி எடுக்க யாருக்கும் பொறுமை இல்லை; கையை விட்டுத் தள்ளச் சொல்கிறார்கள். சேலை முந்தானையோ சட்டைக் கையோ உள்ளே மாட்டினால் போதும், கதை முடிந்தது.

அப்படி ஒரு கை சிதைந்தால், மறுநாள் என்ன நடக்கிறது? யந்திரத்தைக் கழுவி, அடுத்த களத்துக்கு ஓட்டிப் போகிறார்கள். அதற்கு வேலை உண்டு. கையைக் கொடுத்த மனிதர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தால், அவருக்கு வேலை இல்லை. “பாவம், இனிமேல் இவரால் என்ன செய்ய முடியும்?” என்ற ஒரே வார்த்தையில் ஊர் அவர் கணக்கை முடித்துவிடுகிறது. மில்லிலும் இதே கதைதான். அங்கே ‘பாவம்’ என்று சொல்வதற்குப் பதிலாக ‘தகுதியில்லை’ என்று காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

முடியாது என்று முடிவு கட்டியது யார்? எதை வைத்துக் கட்டினார்கள்? ஒரு வேலை ஸ்தலம் மழையைப் போல வானத்திலிருந்து விழுந்ததல்ல. வாசற்படி எத்தனை, மேஜை எவ்வளவு உயரம், யந்திரத்தை ஓட்டும் விசை காலுக்கா கைக்கா, வேலை ஆரம்பிப்பதற்கு அடையாளம் சங்கா விளக்கா என்பதையெல்லாம் மனிதர்களே தீர்மானித்தார்கள். தீர்மானித்தபோது அவர்கள் கண்முன் இருந்தவர் இருபத்தைந்து வயது, இரண்டு கை, இரண்டு கால், கூர்மையான கண்ணும் காதும் உள்ள ஓர் ஆண்பிள்ளை. மற்றவர்களை அவர்கள் நினைக்கவே இல்லை. இப்படி ஒருவருக்காக மட்டும் அளவெடுத்துத் தைத்த சட்டையை எல்லோர் தோளிலும் மாட்டிப் பார்த்துவிட்டு, பொருந்தாதவரைப் பார்த்து ‘உன் உடம்பில்தான் கோளாறு’ என்கிறார்கள்.

இது நம்முடைய வாதம் மட்டுமல்ல. முதலாளிகளே எண்ணிப் பார்த்துச் சொன்ன விஷயம். அமெரிக்க மோட்டார் முதலாளி ஹென்றி போர்டு தன்னுடைய தொழிற்சாலையில் உள்ள வேலைகளை ஒவ்வொன்றாக ஆராயச் செய்தார். 1922-ல் வெளிவந்த தமது புத்தகத்தில் அந்தக் கணக்கைக் கொடுத்திருக்கிறார். மொத்தம் 7,882 விதமான வேலைகள். அவற்றில் நல்ல உடல் வலு கட்டாயம் வேண்டியவை 949 மட்டுமே. இரண்டு கால்களும் இல்லாதவர் செய்யக்கூடியவை 670. ஒரு கால் உள்ளவர் செய்யக்கூடியவை 2,637. ஒரு கை உள்ளவருக்கு 715. கண் பார்வை இல்லாதவருக்கு 10. இரண்டு கைகளும் இல்லாதவருக்குக்கூட 2 வேலைகள் இருந்தன.

போர்டு தர்மவானா? இல்லவே இல்லை. 1937-ல் அவருடைய ஆலை வாசலில் சங்கத் துண்டுப் பிரசுரம் கொடுக்கப் போனவர்களை அவருடைய காவல் ஆட்கள் அடித்து நொறுக்கினார்கள். 1941 வரையில் சங்கத்தை அங்கீகரிக்க மறுத்தவர் அவர். அவருக்கு வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது, அதனால் எண்ணினார். எண்ணியவுடன் ஆயிரக்கணக்கான வேலைகள் கண்ணுக்குத் தெரிந்தன. பிரிட்டனில் யுத்த காலத்தில் ஆட்கள் போதாதபோது இதே ஞானோதயம் ஏற்பட்டது. 20 பேரோ அதற்கு மேலோ வைத்து வேலை வாங்கும் முதலாளி நூற்றுக்கு 3 பேராவது உடல் குறை உள்ளவர்களை வைக்க வேண்டும் என்று 1944-ல் சட்டம் செய்தார்கள். சமாதானம் வந்தது, ஆட்கள் மலிந்தார்கள், சட்டம் ஏட்டில் தூங்கியது. 1995-ல் வந்த புதிய சட்டம் அதற்கு முடிவு கட்டியது. அவர்களுக்கென்றே 1946-லிருந்து நடத்தப்பட்ட ரெம்ப்ளாய் என்ற சர்க்கார் தொழிற்சாலைகளும் 2013-க்குள் மூடப்பட்டன அல்லது விற்கப்பட்டன. ‘முடியாது’ என்பது உடம்பைப் பற்றிய உண்மை என்றால், ஆள் பஞ்சம் வரும்போது அது எப்படி ‘முடியும்’ ஆகிவிடுகிறது?

போர்டு போட்ட கணக்கை நம் காட்டிலும் களத்திலும் நாமே போட்டுப் பார்ப்போம். சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன ஜில்லா பெரம்பலூர். வெங்காயத்தைப் பிடுங்கக் குனிய வேண்டும், சரி. ஆனால் பிடுங்கியதைத் தாள் அறுப்பது, பொறுக்கித் தரம் பிரிப்பது எல்லாம் நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை. கால் நடக்காதவருக்கு அதில் என்ன தடை? களம் வரையில் அவரைக் கொண்டுவந்து சேர்க்க ஒரு வண்டி வேண்டும், அவ்வளவுதான். பருத்தி எடுக்க இரண்டு கை வேண்டும் என்கிறீர்களா? எடுத்த பருத்தியில் தூசி தும்பு பொறுக்கவும், எடை போடவும், கணக்கு எழுதவும் ஒரு கை போதும். காது கேளாதவர் காட்டில் செய்ய முடியாத வேலை என்ன இருக்கிறது? பக்கத்து அரும்பாவூரில் மரச் சிற்பம் செதுக்குகிறார்கள். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் அது. சிற்பி பெரும்பாலும் உட்கார்ந்துதான் உளி பிடிக்கிறார்.

உண்மையில் கூலிக்காரர்கள் இதை என்றோ தெரிந்து வைத்திருக்கிறார்கள். முதுகு வளைந்துபோன பாட்டியைத் தாள் அறுக்க உட்கார வைத்துவிட்டு, இளவட்டங்கள் பிடுங்கப் போவதை நாம் தினமும் பார்க்கிறோம். யாரும் அதை ‘அணுகல் வசதி’ என்று பெயரிட்டு அழைத்ததில்லை. ஆனால் கூலி கொடுக்கும் நேரத்தில்தான் வம்பு வருகிறது. பாட்டிக்கு அரைக் கூலி! கை போனவருக்கும் அரைக் கூலி!

இந்த அரைக் கூலிக்குச் சட்டமே வழிவிட்டிருந்தது என்பது எத்தனை தோழர்களுக்குத் தெரியும்? 1948-ம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைத் தொழிலாளர்கள் போராடிப் பெற்றார்கள். அதே சட்டத்தின் 26-வது பிரிவு, உடல் குறையுள்ள தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உத்தரவிடச் சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்தது. குறைந்தபட்சம் என்றால், அதற்குக் கீழே ஒரு மனிதன் வாழ முடியாது என்று பொருள். கை போனவர் அதற்குக் கீழேயும் வாழ்ந்துவிடுவார் என்று அந்தப் பிரிவை எழுதியவர்கள் நினைத்தார்கள் போலும். அவருக்கு அரிசி பாதி விலைக்கு விற்கிறதா? பஸ் டிக்கெட்டும் மருந்தும் சேர்த்தால் அவர் செலவு அடுத்தவருடையதைவிட அதிகம்.

நூறு நாள் வேலையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2005-ல் வந்த சட்டத்தின் கீழ், தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 மணி நேர வேலைக்கு முழுக் கூலி என்ற ஏற்பாடு கிடைத்தது. கிடைத்ததை நடைமுறைப்படுத்தச் சொல்லி ஒன்றிய அலுவலகங்களின் வாசலில் அவர்கள் மீண்டும் மீண்டும் உட்கார வேண்டியிருந்தது. ஆனாலும் ஒரு நல்ல விஷயம் அங்கே நிரூபணமாயிற்று. வேலையை மனிதருக்குத் தக்கபடி மாற்றலாம், அதற்காகக் கூலியைக் குறைக்க வேண்டியதில்லை என்பதே அது. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு, 125 நாள் என்று சொல்லும் புதிய சட்டம் ஒன்றைப் பாராளுமன்றம் நிறைவேற்றிவிட்டது. நாள் கூடியதா குறைந்ததா என்று வாதம் நடக்கும்போது, இந்த 4 மணி நேர உரிமை சந்தடியில்லாமல் நழுவிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூலாம்பாடிக்கு இன்னொரு சங்கடமும் இருந்து வந்தது. அது பேரூராட்சி, நூறு நாள் வேலை கிராம ஊராட்சிகளுக்கு மட்டும். சுற்றிலும் உள்ள கிராமத்துக் கூலிக்காரருக்கு இருந்த அந்த ஏற்பாடு, அதே வெயிலில் அதே மண்வெட்டி பிடிக்கும் பூலாம்பாடிக் கூலிக்காரருக்கு இல்லை.

இனி மில்லுக்கு வருவோம். ஸ்பின்னிங் மில்லுக்குள் நுழைந்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. கைச்சாடையிலும் உதட்டசைவிலுமே எல்லோரும் பேசிக்கொள்கிறோம். காது கேளாத இளைஞர் அங்கே வேலைக்கு வந்தால், மற்ற எல்லோரையும்விட அவருக்குத்தான் அந்தப் பாஷை நன்றாகத் தெரியும்! ஆனால் ‘காது கேட்காது, ஆபத்து’ என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். பத்து இருபது வருஷம் அதே சத்தத்தில் நின்று காது மந்தமாகிப்போன நம்மை மட்டும் ஏன் அனுப்பவில்லை? மிஷின் ஓடத் தொடங்குமுன் ஒலிக்கும் மணியோடு ஒரு சிவப்பு விளக்கும் எரிந்தால் காது கேளாதவருக்கும் அபாயமில்லை; காது மந்தமான பழைய தொழிலாளிக்கும் அபாயமில்லை. ஒரு விளக்கு என்ன விலை?

மற்றவையும் இப்படித்தான். ஒரு அடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளமாகச் சரிவு கட்டினால் சக்கர நாற்காலி தானாக ஏறும். அதே சரிவில்தான் நூல் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியும் ஏறும். மூட்டைக்காக எத்தனையோ இடத்தில் சரிவு கட்டியிருக்கிறார்கள். மனிதனுக்காகக் கட்டச் சொன்னால் பணம் இல்லை என்கிறார்கள். வாசல் மூன்று அடி அகலம் இருக்க வேண்டும். கக்கூசில் உட்கார்ந்து எழப் பிடிமானக் கம்பி வேண்டும். காலால் மிதிக்கும் விசையைக் கையால் இயக்கும்படி மாற்ற மில்லின் பிட்டரே போதும். கோன் பேக்கிங்கில் மேஜையைச் சற்று இறக்கி ஒரு ஸ்டூல் போட்டால் கால் பலமில்லாதவர் எட்டு மணி நேர வேலையைக் குறையின்றிச் செய்வார். பார்வையில்லாதவர் போகும் வழியில் சாமான்களைக் குவிக்காமல் இருக்க ஒரு காசும் செலவில்லை.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. 2021-ல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடைச் சிப்பந்திகள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று வைத்தார்கள். நாள் முழுக்க நின்று கால் வீங்கிய ஜவுளிக்கடைப் பெண்களுக்காக வந்த திருத்தம் அது. ஆனால் போலியோவில் ஒரு கால் சூம்பிய பெண்ணுக்கும் அதே நாற்காலி கடையின் கதவைத் திறந்துவிட்டது. ஒருவருக்காகச் செய்யும் வசதி இப்படித்தான் எல்லோருக்கும் பயன்படுகிறது. கர்ப்பிணிப் பெண், மூட்டுவலிக்காரர், ஐம்பது வயது தாண்டியவர் ஆகிய அனைவரும் அந்தச் சரிவில் ஏறலாம், அந்த ஸ்டூலில் உட்காரலாம். அதிலும், இன்று இரண்டு கையோடு மில்லுக்குள் போகும் எவரும் நாளை இரண்டு கையோடு வெளியே வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ல் நிறைவேறி 2017 ஏப்ரலில் அமுலுக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முந்தைய 1995-ம் வருஷச் சட்டத்தைவிட முன்னேற்றமானது என்பதை மறுக்கவில்லை. சர்க்கார் வேலையில் நூற்றுக்கு 4 இடம் ஒதுக்கச் சொல்கிறது. சர்க்கார் ஸ்தாபனத்தில் வேலை பார்க்கும்போது ஒருவருக்கு ஊனம் ஏற்பட்டால் அவரை வெளியேற்றக் கூடாது, பதவியிலும் இறக்கக் கூடாது. அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். இடம் இல்லையென்றால் இடத்தை உண்டாக்கித் தர வேண்டும். எறையூரில் உள்ள பெரம்பலூர் சர்க்கரை ஆலை சர்க்கார் ஆலை. அங்கே உள்ள தோழர்கள் 20-வது பிரிவின் இந்த வாசகத்தை மனப்பாடமாகத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தனியார் முதலாளி என்று வந்தவுடன் சட்டத்தின் குரல் மாறிவிடுகிறது. அங்கே நூற்றுக்கு 5 பேரை வைத்தால் சலுகை கொடுக்கலாம் என்கிறது. வைக்காவிட்டால்? ஒன்றுமில்லை. ஜெர்மனியில் இதே 5 சதவீதத்தை வைக்காத முதலாளி, காலியாக விட்ட ஒவ்வொரு இடத்துக்கும் பணம் கட்ட வேண்டும். இங்கே முதலாளிக்குக் கற்கண்டு காட்டிக் கூப்பிடுகிறார்கள். வசதி செய்து தரும் கடமையும் ‘அளவுக்கு மீறிய சுமை’ ஆகாத வரையில்தான் என்று ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். எந்தச் சுமை அளவுக்கு மீறியது என்பதை முதலில் சொல்லப்போவது முதலாளிதானே!

ஆயினும் கையில் ஒரு ஆயுதமும் இல்லை என்று சொல்ல மாட்டோம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் ஸ்தாபனம் ஒவ்வொன்றும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்பது சட்டம். மாற்றுத்திறனாளிகளுக்குத் தகுந்த வேலைகள் எவை, என்னென்ன வசதிகள் செய்யப்பட்டுள்ளன, இதைக் கவனிக்கும் அதிகாரி யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். உங்கள் மில் நோட்டீஸ் போர்டில் அந்தக் காகிதம் இருக்கிறதா? லீவு நாள் பட்டியலுக்கும் அபராத நோட்டீசுக்கும் பக்கத்தில் தேடிப் பாருங்கள். எறையூர் சிப்காட்டில் 2023-ல் திறக்கப்பட்ட காலணித் தொழிற்சாலைக்கும், ஜில்லாவில் உள்ள மற்றப் பெரிய ஆலைகளுக்கும் இது பொருந்தும். சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரையிலும், பிறகு 50,000 முதல் 5 லட்சம் வரையிலும் அபராதம் உண்டு. கட்டிடங்களையும் வாகனங்களையும் எல்லோரும் அணுகும்படி அமைப்பதை வெறும் சிபாரிசாக விட்டுவைக்க முடியாது, கட்டாய விதிகளாகச் செய்ய வேண்டும் என்று 2024 நவம்பர் 8-ந் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

நஷ்டஈட்டு விஷயத்தில் விவசாயத் தொழிலாளிகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. டிராக்டரோ மின்சாரமோ மற்ற யந்திர சக்தியோ கொண்டு நடக்கும் விவசாய வேலையில் அடிபட்டவருக்கு, ஆலைத் தொழிலாளியைப் போலவே வேலை கொடுத்தவர் நஷ்டஈடு தர வேண்டும் என்று 1923-ம் வருஷச் சட்டத்திலேயே இருந்தது. கதிரடிக்கும் யந்திர விபத்துக்களுக்காக 1983-ல் தனியாக ஒரு மத்திய சட்டமும் வந்தது. ஆனால் களத்தில் நடப்பது என்ன? நாலு பெரிய மனிதர்கள் கூடி, ஆஸ்பத்திரிச் செலவோடு கொஞ்சம் பணம் கொடுத்து, வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கிவிடுகிறார்கள். சில சமயம் கைநாட்டு வைக்க வேண்டிய விரலே போயிருக்கும். விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பதையும் அவருக்கு யாரும் சொல்வதில்லை.

அந்தப் பழைய சட்டத்தின் அட்டவணை உறுப்புக்களுக்குச் சதவீதம் போட்டிருந்தது. கட்டைவிரல் போனால் 30, சுட்டுவிரல் முழுதும் போனால் 14, நடுவிரல் 12. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்துவிட்டது. உறுப்புக்குச் சதவீதம் போடும் முறை போகவில்லை. நஷ்டஈடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, ஒரு காசு விடாமல் வாங்க வேண்டும். ஆனால் சுட்டுவிரல் போனவர் நூற்றுக்கு 14 பங்கு வேலை இழந்தவர் என்று சட்டம் சொல்லும்போது, முதலாளி அவரை நூற்றுக்கு நூறு வேலை இழந்தவராக்கி வீட்டுக்கு அனுப்புகிறார். மிச்சம் 86 பங்கு எங்கே போயிற்று?

இவ்வளவும் முதலாளிகளையும் சர்க்காரையும் பற்றிச் சொன்னோம். நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டாமா? போனஸ், பஞ்சப்படி, வேலைப் பளு என்று நீளும் நம்முடைய கோரிக்கைப் பட்டியல்களில், ஒரு சரிவுப்பாதை, ஒரு பிடிமானக் கம்பி எத்தனை தடவை இடம் பெற்றிருக்கிறது? கை போன தோழருக்கு நிதி திரட்டிக் கொடுத்திருக்கிறோம்; அது நல்ல காரியம். ஆனால் அவரை அதே மில்லில் வேறு வேலையில் அமர்த்து என்று எத்தனை வேலை நிறுத்த நோட்டீஸ் கொடுத்தோம்? இன்னும் கசப்பான உண்மை ஒன்றுண்டு. சில இடங்களில் மெதுவாக வேலை செய்பவர் கூட்டத்தில் இருந்தால் கொத்து வேலையில் நம் கூலி குறையும் என்று, மேஸ்திரிக்கு முன்னால் நாமே அவரை ஒதுக்குகிறோம். காண்டிராக்டர் போட்ட கணக்கை நாமே அவருக்காக நிறைவேற்றிக் கொடுக்கிறோம். சங்கக் கூட்டத்தை மாடியில் வைக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு!

ஒரு காலத்தில் அங்கஹீனர் என்றார்கள், பிறகு ஊனமுற்றோர் என்றார்கள். 2010 முதல் சர்க்கார் தஸ்தாவேஜுகளில் மாற்றுத்திறனாளிகள் ஆனார்கள். மரியாதையான சொல்; வரவேற்கிறோம். ஆனால் சொல் மாறியதால் ஒரு படிக்கட்டும் இடியவில்லை. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 11 லட்சத்து 79 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் யார் வீட்டுப் பிள்ளைகள்? நம் வீட்டுப் பிள்ளைகள். போலியோ தேடி வந்ததும், யந்திரம் கையைப் பிடித்ததும், கல் குவாரியில் பாறை காலில் விழுந்ததும் பங்களாக்களில் அல்ல.

2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபை ஒரு நல்ல காரியம் செய்தது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக வைக்கச் சட்டம் நிறைவேற்றியது. பூலாம்பாடிப் பேரூராட்சிக்கும் இது உண்டு. அந்த நாற்காலியை ஆளுங்கட்சிக்காரரின் சிபாரிசுக்கு விட்டுவிடாமல், களத்தில் கை இழந்த ஒருவர், தாள் அறுக்கும் ஒரு பெண் என்று உழைப்பவர் பக்கத்திலிருந்து ஆள் போக வேண்டும். பேரூராட்சியே ஒரு முதலாளிதான். துப்புரவுப் பணியிலும், தண்ணீர்ப் பணியிலும், அலுவலகத்திலும் ஆட்களை வைத்திருக்கிறது. முதல் கேள்வியை அங்கேயே கேட்கலாம்.

மில் தோழர்களும் விவசாயத் தொழிலாளத் தோழர்களும் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு காகிதம் கொண்டு வரட்டும். தங்கள் மில்லிலோ ஊரிலோ வேலையில் கை, கால், கண், காது இழந்தவர்கள் எத்தனை பேர், இப்போது என்ன செய்கிறார்கள், எந்த வேலையை எப்படி மாற்றினால் அவர்கள் திரும்பி வரலாம் என்று எழுதி வரட்டும். அந்தக் காகிதங்கள் சேர்ந்தால் அதுவே கோரிக்கைப் பட்டியலின் முதல் பக்கம்: அடிபட்டவருக்கு அதே ஸ்தலத்தில் வேலை, முழுக் கூலி, கதிரடிக்கும் யந்திரத்தின் வாய்க்குத் தடுப்பு, மணியோடு விளக்கு, படியோடு சரிவு. அந்தக் கூட்டத்தையும் இந்தத் தடவை கீழ்த் தளத்தில் வையுங்கள். அவர்களையும் அழைத்து வாருங்கள், பட்டியலை அவர்களே வாசிக்கட்டும்.